சொந்த ஊருக்குப் போ என்றால், எந்த ஊருக்கு?



நீளமான பதிவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். ஆனால் பாதியில் விட்டுவிட்டுக் கமெண்ட் போடாதீர்கள். வகுப்பிலும் அது எனக்குப் பிடிக்காது, உங்களுக்கே தெரியும்.

போன வாரம் நம் சொந்தக்காரர் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் ஒரே ஃபார்வர்டு வந்தது. சுப்ரீம் கோர்ட் படம். அதன் மேல் 'இந்தியா தர்மசாலை அல்ல' என்று பெரிய எழுத்து. கீழே, 'போர் முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, முகாம்ல இருக்கறவங்களை எல்லாம் சொந்த ஊருக்கு அனுப்புங்க, நம்ம வரிப்பணம் மிச்சம்' என்று ஒரு வரி. அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்களில் பலர் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்கள். உங்களில் பாதிப் பேருக்கு நான் டீச்சர், மீதிப் பேருக்கு அத்தை, சித்தி, பெரியம்மா. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தர்மசாலைக் கதையை முடித்துவிடுவோம். 2025 மே 19 அன்று சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்கு ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. உபா சட்டத்தில் தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழர். தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து வந்திருந்தார். அந்த விசாரணையில் நீதிபதி வாய்மொழியாகச் சொன்ன வார்த்தைதான் அது. முகாமில் இருக்கும் எல்லோரையும் வெளியேற்று என்று எந்தத் தீர்ப்பும் வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசே ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9-க்குள் இங்கே வந்து அடைக்கலம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்பது அதன் சாரம். அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. படம் போட்டுப் பகிர அதில் காரம் இல்லை போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'சொந்த ஊருக்கு அனுப்பு' என்கிறீர்களே, யாரை?

2021-இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். வெளியில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் இன்னும் 34 ஆயிரம் பேர். நம் பக்கத்தில் பவானிசாகர், அறச்சலூர், பூலுவபட்டி, ஆழியாறு, கோட்டூர், பரமத்தி, ராயனூர் என்று வரிசையாக முகாம்கள் உண்டு. அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். 1990 ஜூனில் அங்கே மறுபடி போர் மூண்டபோது படகேறியவர்கள் நிறையப் பேர். அன்றைக்குத் தோளில் தூக்கி வந்த குழந்தைக்கு இன்று முப்பத்தைந்து தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்ததெல்லாம் நம் அரசு ஆஸ்பத்திரிகளில். போலியோ சொட்டு இங்கே, சத்துணவு இங்கே, பத்தாம் வகுப்பு இங்கே. அவர்கள் பார்த்த பெரிய தண்ணீர் பவானிசாகர் அணைதான். கடல் இல்லை.

நான் பவானிசாகர் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவள். முகாம் பிள்ளைகள் வீட்டில் 'கதைக்கிறது' என்பார்கள், பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் 'ஏனுங் டீச்சர்' என்பார்கள். இரண்டு தமிழையும் சுத்தமாகப் பேசுகிற பிள்ளைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளையிடம் போய் 'உன் ஊருக்குப் போ' என்றால், அது சத்தியமங்கலம் பஸ்ஸைத்தான் பார்க்கும்.

இங்கே பிறந்தால் இந்தியர்தானே என்று சிலர் நினைக்கிறீர்கள். இல்லை. 1955 குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்தான் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு, இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், 1986-இல் மண்டபத்தில் பிறந்தவர், இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போய் 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அவருக்கு அடுத்து 1988-இல் பிறந்த தம்பிக்கு அந்தக் கதவு கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட வித்தியாசம், அவ்வளவுதான்.

'அவங்க நாட்டுக் குடியுரிமை இருக்குமே' என்பது அடுத்த கேள்வி. அதுவும் தானாக வராது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை இலங்கைக் குடிமகனாகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் இருக்கிற துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஷெல் விழுந்து ஓடி வந்தவர்கள் பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்துக்கொண்டா படகேறினார்கள்? ஆக, நீங்கள் 'அனுப்பு' என்று சொல்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்தியாவின் கணக்கில் இலங்கையர், இலங்கையின் கணக்கில் யாரும் இல்லை.

இப்போது அனுப்பிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

இதற்கு நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பல நாடுகள் அனுப்பிப் பார்த்துவிட்டன. 2014 ஜூலையில் ஆஸ்திரேலியா 41 பேரை நடுக்கடலில் வைத்தே விசாரித்து, கரையில் கால் வைக்க விடாமல், இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. விசாரணை எப்படி? வீடியோ வழியாகச் சில கேள்விகள். உயிருக்குப் பயந்து வந்தவனா, பிழைக்க வந்தவனா என்பதை அதில் கண்டுபிடித்துவிட்டார்களாம். நாங்கள் ஒரு பையனை எட்டாம் வகுப்பில் நிறுத்துவதா விடுவதா என்பதற்கே அதைவிட அதிக நேரம் பேசுவோம். கரைக்குப் போனதும் அவர்களை காலி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றம் என்ன தெரியுமா? அனுமதியில்லாத வழியாக நாட்டை விட்டுப் போனது. அந்த நாட்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் அது தண்டனைக்குரியது. தப்பித்து ஓடியதே குற்றம்.

அதே நேரத்தில் 157 பேர் இன்னொரு படகில் போனார்கள். அவர்கள் கிளம்பியது இலங்கையிலிருந்து இல்லை, புதுச்சேரியிலிருந்து. பலர் நம் தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்தவர்கள். சுமார் 50 குழந்தைகள். ஏறக்குறைய ஒரு மாதம் ஆஸ்திரேலியக் கப்பலிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், நடக்காமல் கடைசியில் நவுரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. இங்கே சோறும் கூரையும் இருந்தும் ஏன் கைக்குழந்தையோடு படகேறினார்கள்? படித்து முடித்தாலும் மதிப்பான வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, சொந்தப் பேரில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது, ராத்திரி வெளியூரில் தங்கினால் செக்கிங்கில் பேர் விடுபடும். உயிர் பிழைத்தாயிற்று, வாழத்தான் வழியில்லை.

பிரிட்டனில் இன்னும் மோசம். ஆப்கானிஸ்தானிலிருந்து தனியாக வந்து சேர்ந்த சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு, பள்ளியில் போட்டு, வளர்ப்புக் குடும்பத்தில் விட்டு, பதினெட்டு வயது ஆனதும் 'உன் நாடு பத்திரமாகத்தான் இருக்கிறது' என்று விமானத்தில் ஏற்றினார்கள். 2007 முதல் 2015 வரை அப்படி அனுப்பப்பட்டவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல். திரும்பிய 25 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. படிப்பைத் தொடர முடியவில்லை, வேலை இல்லை, மேற்கத்திய நடை உடை என்று சந்தேகக் கண், உறவினரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சிலர் மறுபடியும் நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். தமிழர்கள் விஷயத்திலும் பிரிட்டன் இதைத்தான் செய்தது. திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள் அங்கே சித்திரவதைக்கு ஆளானதை மனித உரிமை அமைப்புகள் 2012-இல் ஆவணப்படுத்தின. அதற்குப் பிறகு, 2013 பிப்ரவரியில், விமானம் கிளம்புவதற்கு முந்தின நாள் லண்டன் உயர் நீதிமன்றம் தமிழர்களை ஏற்றக் கூடாது என்று தடுத்தது.

'அதெல்லாம் பழைய கதை, இப்ப அங்க நிலைமை மாறிப்போச்சு' என்பீர்கள். 2025 மே மாதக் கடைசியில், 75 வயதுப் பெரியவர் ஒருவர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே, முறைப்படி, இங்கிருந்து பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கினார். இறங்கிய இடத்திலேயே கைது. குற்றம் அதேதான், அந்தக் காலத்தில் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனது. காடு வா வா என்கிற வயதில், ஐ.நா. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனவருக்கே இந்த வரவேற்பு. இருபத்திரண்டு வயதுப் பையன், முகாமில் வளர்ந்தவன், கியூ பிராஞ்சில் பேர் பதிவானவன், வேறு நாட்டுப் போலீஸ் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போகிறது என்றால் அவனை எப்படிப் பார்ப்பார்கள்? 1979-இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இன்னும் கையில் வைத்திருக்கிற நாடு அது.

சிறை, போலீஸ் இதெல்லாம் இல்லாமலே போய் இறங்கினாலும் என்ன ஆகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். என்னிடம் படித்த ஒரு பெண் பெற்றோரோடு வவுனியா பக்கம் போனாள். விருப்பத்தின் பேரில்தான். விருப்பம் எப்படி வந்தது என்றால், தங்கைக்கு இங்கே நல்ல மார்க் இருந்தும் நினைத்த படிப்பு கிடைக்கவில்லை. அங்கே போனதும் முதல் பிரச்சினை சர்டிபிகேட். நம் பிளஸ் டூ அங்கே எதற்குச் சமம் என்று எழுதி வாங்க அலைச்சல். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு முத்திரை, கொழும்பில் ஒரு முத்திரை. அரசு வேலை என்றால் சிங்களம் வேண்டும். தாத்தா காணியில் வேறொரு குடும்பம் வீடு கட்டி இருபது வருடம் ஆகிறது. பத்து வருடம் இடையூறில்லாமல் ஆண்டு அனுபவித்தால் உரிமை கேட்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களும் வேறெங்கோ ஷெல்லுக்கு ஓடி வந்தவர்கள்தான். இத்தனைக்கும் மேலே அவள் எனக்கு எழுதியது இது: 'டீச்சர், கடையில் வாயைத் திறந்தாலே இந்தியாவிலிருந்து வந்தீங்களா என்கிறார்கள்.' இங்கே சிலோன்காரி, அங்கே இந்தியாக்காரி.

அவளாவது தாய் தகப்பனோடு போனாள். தனியாக ஏற்றி அனுப்பப்படுகிற பையனை நினைத்துப் பாருங்கள்.

2022-இல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்ததே, அந்த மார்ச் 22 அன்று தனுஷ்கோடிப் பக்கம் 16 பேர் வந்து இறங்கினார்கள். அதைத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார்கள். அப்படி வந்தவர்களில் சிலர், முன்பு நம் முகாம்களில் இருந்து நம்பிக்கையோடு திரும்பிப் போனவர்கள். அனுப்பினால் பிரச்சினை முடியும் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'நாங்க கட்டாயப்படுத்தச் சொல்லலையே டீச்சர், அவங்களா விரும்பிப் போகட்டும்' என்று ஒருவன் எனக்குத் தனியாக எழுதியிருந்தான். நல்ல பையன். அவனுக்காக 1992-ஐச் சொல்கிறேன். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு இங்கே காற்று மாறியது. யாரோ செய்த கொலைக்கு முகாமில் இருந்த எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளி கல்லூரியில் சேர்க்க விடவில்லை, தொண்டு நிறுவனங்களை முகாமுக்குள் விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் திரும்பப் போகிறவர்களிடம் 'சம்மதப் படிவம்' வாங்கினார்கள். படிவம் ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பழ.நெடுமாறனும் டாக்டர் ராமதாசும் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அதன் பிறகுதான் அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் போட்டு, போகிறவர் உண்மையிலேயே விரும்பித்தான் போகிறாரா என்று கேட்கத் தொடங்கியது. 1992 முதல் 1995 வரை 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பினார்கள். அங்கே அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டு, ரேஷனை இழுத்துப் பிடித்துவிட்டு, 'விருப்பமா?' என்று கேட்டால் வருகிற பதிலுக்கு விருப்பம் என்று பேர் வைக்கக் கூடாது. உண்மையிலேயே போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போகட்டும், கௌரவமாக, கைது பயமில்லாமல், சர்டிபிகேட் எல்லாம் சரிசெய்து கொடுத்து, வேண்டுமானால் நாமே ஸ்டேஷன் வரை போய் வழியனுப்புவோம்.

அடுத்தது, நம் கொங்கு நாட்டுக்காரர்கள் மறந்தே போன ஒரு விஷயம். ஒரு அரசாங்கம் ஆளை அள்ளி 'சொந்த ஊருக்கு' அனுப்புவது என்றால் என்ன என்று நமக்கு முன்பே தெரியும். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்டைப் பங்கு பிரிப்பது மாதிரி. தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பிறந்த மண்ணை விட்டு அவர்கள் ஏறிய ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பேர்.

இங்கே வந்ததும் அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பேர் 'தாயகம் திரும்பியோர்'. இந்தத் தாயகத்தைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் அதே பேர். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று நீலகிரியில் டேன்டீ தோட்டங்களில் நிறையப் பேர் மறுபடி கொழுந்து பறிக்கப் போனார்கள். என் முதல் வேலை கோத்தகிரிப் பக்கம்தான். அந்தப் பிள்ளைகளை உள்ளூர்ப் பிள்ளைகள் 'சிலோன்' என்றுதான் கூப்பிட்டார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது குறைவு. பத்து வயதில் கண்டியை விட்டு வந்த ஒரு பையன், வரைபடத்தில் ஊரைக் குறி என்றால், எப்போதும் இலங்கையில்தான் புள்ளி வைப்பான். சட்டப்படி அவன் வந்து சேர்ந்தது தாயகத்துக்கு. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், இப்போது முகாம்களில் இருப்பவர்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இதே மலையகத் தமிழர்கள். 1977, 1983 கலவரங்களில் தோட்டத்தை விட்டு வவுனியா பக்கம் ஓடி, அங்கேயும் போர் வந்து, படகேறி இங்கே வந்தவர்கள். அவர்களின் பாட்டன் பூட்டன் நம் சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப்போனவர்கள். அவர்களின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும். அங்கே இந்தியர் என்று எழுதி வைத்தார்கள், இங்கே இலங்கையர் என்று எழுதி வைத்திருக்கிறோம். இவர்களைத்தான் சொந்த ஊருக்குப் போகச் சொல்கிறோம். இவர்கள் நாமக்கல்லில் பஸ் ஏறி நாமக்கல்லில்தான் இறங்க வேண்டும்.

2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களுக்கு வழி திறந்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு எந்தக் கட்சி ஆதரவு, எந்தக் கட்சி எதிர்ப்பு என்று கமெண்டில் சண்டை போட வேண்டாம். எல்லாக் கட்சிக்கும் இதில் பங்கு உண்டு, எல்லாக் கட்சிக்காரரும் என் மாணவர்களில் உண்டு.

வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். 'நம்ம பசங்களுக்கே வேலை இல்லை.' திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற என் மாணவர்கள் ஆள் கிடைக்கவில்லை என்று ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஏஜென்ட் அனுப்புகிறீர்கள். உங்கள் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்தது யார் என்று நினைத்துப் பாருங்கள். பாதி முகாம் இளைஞர்கள் பெயின்டர்கள். அதில் பி.இ. முடித்தவனும் உண்டு. கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி, பாஸ்போர்ட் கேட்ட இடத்தில் திரும்பி வந்தவன். வரிப்பணம் என்றீர்களே, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆயிரம், குழந்தைக்கு 500. 2021-இல் உயர்த்திய பிறகு இது. நம் கல்யாணங்களில் ஓர் இலைக்கு எவ்வளவு ஆகிறது என்று எனக்கும் தெரியும், மொய் எழுதுகிறவள்தான் நான்.

மெல்போர்னில் நம் பையனுக்குப் பி.ஆர். வந்தால் குழுவில் கேக் படம் போடுகிறோம். நானும் வாழ்த்தினேன், மனசார. அவன் போய் ஆறு வருடம்தான் ஆகிறது. அதற்குள் அது 'அவன் ஊர்' ஆகிவிட்டது. பவானிசாகரில் பிறந்து, பவானிசாகரில் கல்யாணம் கட்டி, பவானிசாகரில் தகப்பனை அடக்கம் செய்தவனுக்கு முப்பத்தைந்து வருடத்திலும் அது அவன் ஊர் ஆகவில்லை என்றால், கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள்.

இனி ஒரு வேலை. 2019 ஜூனில் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 65 பேரின் குடியுரிமை விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கச் சொன்னது. அந்த மாதிரி விண்ணப்பத்துக்கு, பூர்வீகம் இங்கேதான் என்று காட்டப் பழைய காகிதம் வேண்டும். உங்களில் வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், ரெக்கார்டு ரூம், சார்பதிவாளர் ஆபீஸில் இருப்பவர்கள் குறைந்தது இருபது பேர் எனக்குத் தெரியும். வக்கீல்கள் ஈரோட்டிலும் கோபியிலும் நாமக்கல்லிலும் இருக்கிறீர்கள். சில குடும்பங்களிடம் பூட்டன் ஊர் பேர், தகப்பன் பேர் மட்டும் இருக்கிறது. பழைய அ பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, எதில் பேர் கிடைத்தாலும் உதவும். என்னிடம் ஏழு குடும்பங்களின் விவரம் இருக்கிறது. அதைப் பொதுவில் போட முடியாது. செய்ய முடிகிறவர்கள் மெசஞ்சரில் எழுதுங்கள், அல்லது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் வேலை பார்ப்பவர்கள் முதலில் கூப்பிட்டால் நல்லது. இரண்டு குடும்பங்களின் காகிதம் அங்கேதான் இருக்க வேண்டும்.